படியேறாத ஹாஜி

ஜட்காவை விட்டு இறங்கிய குடைக்கடை இனாயத் பாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் போய்ப் படுக்க வேண்டும்.

வீடு எதிரிலேயே இருந்தது. வாசல் திரைக்குப் பின்னால் மனைவி வஜீஹா நிற்பதுகூடத் தெரிந்தது. ஆனால் தெரு விட்டால்தானே!

ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்புகிறவர் தம் வீட்டு வாசற்படியைத் தாண்டும்வரை அவர் கேட்கிற துவாவை ஆண்டவன் தட்டுவதில்லை என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. உள்ளே கால் வைத்துவிட்டால் அவரும் நம்மைப் போல ஒருவர். அதனால் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருந்த அத்தனை பேரும் மாலையும் பன்னீருமாக வந்து அவரை வெளியிலேயே மடக்கிவிட்டார்கள்.

மடக்க மாட்டார்களா பின்னே? எத்தனை மாதக் காத்திருப்பு! ஹஜ்ஜை முடித்துக்கொண்டு பம்பாய்க்குக் கப்பலேறியவர்களை நடுவழியில் விஷக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷமாக உலகத்தையே சுற்றி வாரிக்கொண்டு போனது போதாதென்று, அந்தக் கப்பலிலும் ஏறியிருந்தது. எந்தத் துறைமுகமும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குடிதண்ணீரைக்கூட அளந்து ஊற்றும் ஒரு மொட்டைத் தீவில் இறக்கி, கூடாரம் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

ஊருக்கு எட்டிய தகவல் அவ்வளவுதான். இனாயத்தும் அடுத்த வீட்டு ஷரஃபுதீனும் எங்கோ தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது இனாயத் மட்டும் வந்திருக்கிறார்.

ஷரஃபுதீன் காய்ச்சல் கண்ட வேகத்திலேயே போய்விட்டான். குளிப்பாட்டியதும் மண் தள்ளியதும் இனாயத் பாய்தான். பம்பாயில் இறங்கியதும் தந்தி ஆபீஸ் வாசல்வரை போனார். அந்தச் செய்தியைத் தந்தியில் அடிக்க மனசு வரவில்லை. நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று ரயிலேறிவிட்டார்.

நேரில் சொல்வது எவ்வளவு லேசு என்பது இப்போது தெரிந்தது.

நல்லவேளையாக ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் துவா அவரவருக்கு. ஷரஃபுதீன் அடுத்த கப்பலில் வருவான் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

இனாயத் பாய்க்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கண் சொருகியது. ஆனாலும் மனிதர் யாரையும் அவசரப்படுத்தவே இல்லை. வாசலுக்கு வெளியே நிற்கும்வரை துவா கேட்டால் போதும். உள்ளே போய்விட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும்.

எனவே கேட்டவர்களுக்கெல்லாம் கையேந்தினார். உமர் ஃபாரூக்கின் முட்டிவலிக்கு ஒன்று. மாட வீதியிலிருந்து வந்திருந்த குமாஸ்தா கோதண்டபாணியின் மகள் கல்யாணத்துக்கு ஒன்று. ஜட்காக்காரன் கபாலி, கிடைக்கிறதை விடுவானேன் என்று, தன் குதிரையின் கால் புண்ணுக்கும் ஒன்று வாங்கிக்கொண்டான். குதிரைக்கான துவாவை பாய் கொஞ்சம் நீட்டியே ஓதினார்.

கூட்டத்தின் கடைசியில் ஷரஃபுதீனின் மனைவி அஃப்சருன்னிசா நின்றிருந்தாள். ஒவ்வொருவருக்காக வழிவிட்டு, எல்லோரும் முடித்த பிறகு, மாமியார் ஹாஜிரா பீயைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். கிழவிக்குப் பார்வை மங்கல். தடவிப் பார்த்து இனாயத் பாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, எம்புள்ள இன்னும் அந்தத் தீவுலயே கீறான். சீக்கிரமா வூடு வந்து சேரணும்னு கேளு நைனா. இப்ப நீ கேட்டா அல்லா இல்லேன்னு சொல்ல மாட்டான்."

இனாயத் பாய்க்குக் கை எழவில்லை. மணலுக்கடியில் கிடப்பவனைத் திருப்பி அனுப்பு என்று எந்த வாயால் கேட்பது? இங்கேயே போட்டு உடைத்துவிடலாமா? அந்தக் கிழ முகத்தைப் பார்த்தார். நிஜம் சொல்லவும் அவரிடம் தெம்பில்லை, பொய் சொல்லவும் தெம்பில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேவிட்டார். ஷரஃபுதீன் நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும் என்று, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

தெரு மொத்தமும் ஆமீன் சொன்னது. எல்லோருக்கும் மேலே ஹாஜிரா பீயின் குரல் கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தபோது அஃப்சருன்னிசாவின் உதடுகள் மூடியிருந்தன.

கிழவி முந்தானையைத் தேடி முகத்தைத் துடைத்துக்கொண்ட நேரத்தில், அவள் பக்கத்தில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மாமியோட கஃபன் துணியத்தானே பாய் அவருக்குப் போட்டீங்க?"

இனாயத் பாய்க்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஹாஜிரா பீ தன் சாவுக்கென்று வாங்கிவைத்திருந்த வெள்ளைத் துணி அது. மக்காவில் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவா, நாளைக்கு என்னை அதில் சுற்றித்தான் அடக்க வேண்டும் என்று சொல்லி மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதை இங்கே யாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வழிநெடுக அவர் வெந்துகொண்டு வந்தார்.

தலையை மட்டும் அசைத்தார்.

அஃப்சருன்னிசா ஒரு பெருமூச்சு விட்டாள். போன மாதமே தனக்குத் தெரியும் என்று அதே குரலில் சொன்னாள். தீவிலிருந்து முந்திய கப்பலில் வந்த திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனாராம். துணி விஷயம்தான் அவருக்குத் தெரியவில்லையாம். மாமியிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் பாய், பேசாமல் போய்ப் படுங்கள் என்றாள்.

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தார். புருஷனை இழந்து, வளையலைக் கழற்றிவிட்டு இத்தாவில் வீட்டோடு அடைந்து கிடக்க வேண்டியவள், கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு தெருவில் நின்றாள்.

அவள் வளையல் சத்தம் கேட்கும்படி இரண்டு கைகளையும் ஒருமுறை நன்றாகக் குலுக்கிக்கொண்டாள். பிறகு மாமியாரின் தோளை அணைத்து, மெல்ல நடத்திக்கொண்டு போனாள்.

கிழவிக்குக் கண்தான் மங்கல். காது நன்றாகக் கேட்கும்.