வடிகாலுக்கு வேலை இருந்தது

வயலின் மேட்டில் போர் மோட்டார், பள்ளத்தில் வடிகால். மோட்டாருக்கு வாய் ஜாஸ்தி.

"முந்நூறு அடி ஆழத்திலிருந்து நான் மூச்சுப் பிடித்து இழுத்து வருகிற தண்ணீரை நீ சும்மா வெளியே விடுகிறாயே, வெட்கமாயில்லை?" என்று தினமும் கேட்கும். வடிகால் பதில் சொல்லாது. அதற்கு வேலை இருந்தது.

ஒரு நாள் நிலத்துக்காரர் பஞ்சாட்சரம் வடிகாலைத் தூர்த்து, அதன்மேலும் இரண்டு வரிசை நாற்று நட்டார். மோட்டார் குஷியாக ஓடியது. தண்ணீர் போக வழியில்லாமல் வயலிலேயே நின்று வெயிலில் வற்றியது. இரண்டு வருஷத்தில் மண்மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை படர்ந்தது. பயிர் நுனி கருகியது.

"யார் கொட்டிய உப்பு இது?" என்றது மோட்டார்.

"உன் தண்ணீரில் வந்ததுதான்," என்றது வயல். "தினமும் கொஞ்சம் கொண்டுவருவாய். வடிகால்தான் அதைக் கரைத்து எடுத்துப் போகும்."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

"நீ எங்கே பேச விட்டாய்?"

பஞ்சாட்சரம் மறுபடி வடிகாலை வெட்டினார். முதல் தண்ணீர் உப்போடு இறங்கியது.

"பாரமாயிருந்தால் சொல்லுங்கள், மெதுவாக ஓடுகிறேன்," என்றது மோட்டார்.

வடிகால் பதில் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வருஷத்து வேலை காத்திருந்தது.