கம்பெனி சர்வீஸ்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆன் மேரி தன் பெரிய பைக்கை வாசலில் நிறுத்தி ஆயிலை வடியவிட்டாள். அவள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட கோப்பைகள் வரிசையாக இருந்தன. கழற்றிய போல்ட்டுகளை இடம் மாறாமல் அவற்றில் போட்டுக்கொண்டே வந்தாள்.

கணவன் ஜெரினுக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ வெல குடுத்து வாங்குன வண்டி. ஷோரூம்ல விட்டா ஆகாதா?"

"போன தடவ விட்டேனே. செயின முறுக்கிக் கட்டிட்டாங்க. கருவேப்பிலங்குறிச்சி தாண்டல, கரகரன்னு சத்தம்."

"கூட்டத்துல அவசரமா செஞ்சிருப்பாங்க."

"எனக்கு அவசரம் இல்லீங்க."

செயினை விரலால் தூக்கிப் பார்த்துத் தளர்த்தினாள். எல்லாம் பூட்டி, புது ஆயில் ஊற்றி, துடைத்து, ஸ்டார்ட் செய்தாள். ஜெரின் கண்ணை மூடிக் கேட்டான். சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

போய்த் தன் பைக்கைத் தள்ளிவந்து பக்கத்தில் நிறுத்தினான். "இதையும் பாத்துடு மேரி."

அவள் சிரித்தாள். "ஷோரூம்ல ஒங்களுக்குக் கீழ அத்தன மெக்கானிக்குங்க இருக்காங்க. அங்க விட்டா ஆகாதா?"

"அவங்களுக்கு வேல கத்துக்குடுத்ததே நாந்தான்" என்றான் ஜெரின். "அதனாலதான் இங்க கொண்டாந்தேன்."