பன்னிரண்டாவது இடம்

"ரெண்டு தடவை மண்ணைக் கவ்வின காஸ்வெல்லுக்கு எதுக்குய்யா இடம்? மைதானத்தைக் கூட்டிப் பெருக்கவா?" என்று கேட்டார் ஆர்விஸ்.

டெல்மர் பதில் சொல்லவில்லை. ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் யாருக்குமே பதில் சொன்னதில்லை.

சமையலறையில் சோள ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்த ஏர்லீனுக்குச் சுருக்கென்றது. பேச முடியாத தன் புருஷனிடம் வந்து வாய்ச்சண்டை போடுகிற மனிதரை என்னவென்று சொல்வது?

ஆர்விஸ் எதிர் வீட்டுக்காரர். கோடையில்தான் குடிவந்தார். செப்டம்பரிலிருந்து ஞாயிறு தவறாமல், சர்ச் விட்டதும், ஒரு பை அவித்த வேர்க்கடலையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். தலையில் டன்மோர் கல்லூரியின் பச்சைத் தொப்பி.

டெல்மரோ நாற்பது வருடமாக அதன் பரம எதிரியான காஸ்வெல் கல்லூரி அணியின் கட்சி. அலபாமாவின் அந்த மூலையில் கல்யாண விருந்தில்கூட இரண்டு கட்சிக்கும் தனித்தனி மேசைதான் போடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், அந்தத் தொப்பியோடு இந்த வீட்டுக்குள் நுழைய ஆர்விஸுக்கு எவ்வளவு திமிர் இருக்க வேண்டும்.

அன்று டிசம்பரின் முதல் ஞாயிறு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு அணிகளை அறிவிக்கும் நாள். யார் யார் என்று முடிவு செய்வது ஒரு கமிட்டி. அவர்கள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து பேசுவார்கள். வெளியே நாடே அடித்துக்கொள்ளும். போதகர்கூடப் பிரசங்கத்தை அரைகுறையாக முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடியிருந்தார்.

டிவியில் பதினோரு பெயர் வந்தாகிவிட்டது. மிச்சம் ஓர் இடம். காஸ்வெல்லா, டன்மோரா?

ஏர்லீனுக்கு எந்த அணி போனாலும் ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வாரா வாரம் படம் காட்டிப் பார்க்கிறாள். நாய், ஆப்பிள், நாற்காலி. டெல்மர் பார்ப்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேச்சு உள்ளேதான் இருக்கிறது, பேசியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும், நாளாக ஆகக் கஷ்டம் என்று அந்தப் பெண் போன வாரம் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று இரவு ஏர்லீன் தூங்கவில்லை.

"டன்மோருக்கு ஒரே ஒரு தோல்வி. கணக்குத் தெரிஞ்சவன் எவனும் காஸ்வெல்லைக் கிட்டவே சேர்க்க மாட்டான்" என்றார் ஆர்விஸ். கடலைத் தோலை உரித்துத் தட்டில் போட்டார். "என்னய்யா டெல்மர், சத்தத்தையே காணோம்? பதில் இருந்தாத்தானே பேசுவே."

இது அளவு மீறிய பேச்சு. ஏர்லீன் கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். போதும் அண்ணே, கிளம்புங்க என்று சொல்லிவிடுவதாகத்தான் வந்தாள்.

டெல்மரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நல்ல கை நாற்காலியை அறைந்துகொண்டிருந்தது.

"யா..."

அவள் நின்றுவிட்டாள்.

"யா... யாருகூடய்யா... ஆடுனீங்க?"

சோப்ளாங்கி அணிகளை ஜெயித்துவிட்டு மீசை முறுக்குகிறவர்களைப் பார்த்து அந்த நாட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். நாற்பது வருடம் அதைக் கேட்டுக் கேட்டு ஏர்லீனுக்குக் காது புளித்திருந்தது. இப்போது அதைக் கேட்டு அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அதே நேரம் டிவியில் கடைசிப் பெயரைச் சொன்னார்கள். டன்மோர்.

"திரு... திருட்டுப் பயலுக" என்றார் டெல்மர்.

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. கடவுளே, உமக்குக் கோடி நன்றி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆர்விஸ் டிவி பக்கம் திரும்பவே இல்லை. டெல்மரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஏர்லீன் வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"உங்க டீம் உள்ளே போயிருச்சே அண்ணே, ஒரு சத்தம்கூடப் போடலையே?"

"எந்த டீமு?" என்றார் ஆர்விஸ். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அவரையே பார்த்தாள்.

"எனக்கு இந்த ஆட்டமே தெரியாதும்மா. நான் தூண்டில் போடற ஆளு. வாரம் பூரா ரேடியோவுல இந்த ஆட்டத்தைப் பத்திச் சண்டை போடறவங்க பேச்சைக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வருவேன்."

"எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "சர்ச்சுல ஒருநாள் நீங்க எழுந்து சொன்னீங்களே, இவரு சண்டை போடற சத்தம் இல்லாம வீடே செத்துக் கிடக்கு, எல்லாரும் ஜெபம் பண்ணுங்கன்னு. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. எனக்கு அது அவ்வளவா வராது."

ஏர்லீன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நாற்காலியை அறையும் சத்தம் மறுபடி கேட்டது.

ஏர்லீன் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள போங்க அண்ணே. அவரு இன்னும் பேசி முடிக்கல."