கேப்டன் உத்தரவு

ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் விண்வெளி விளையாட்டு முடிந்து, பகடைகளைப் பெட்டியில் போட்டு மூடிய பிறகும், ரோபோவாக ஆடியவருக்கு மனசு ஆறவில்லை. மாடிப்படி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"கப்பல்ல ஓட்டை விழுந்தா என்னைத்தான் வெளியே அனுப்பணுமா கேப்டன்? இன்ஜினியர் சும்மாதானே உக்காந்திருந்தான்?"

"அவனுக்கு மூச்சு முட்டும். உனக்கென்ன, தகர டப்பாதானே நீ."

"ஆறு மாசமா பாத்துப் பாத்து வளர்த்த ரோபோ, ஒரே உருட்டுல போயிடுச்சு. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதுக்கு அந்தக் கத்து கத்துறீங்க."

"ரூல் புக்கைப் படி. கேப்டன் உத்தரவு போட்டா ரோபோ ஏன்னு கேக்கக் கூடாது."

"அதுவும் சரிதான்" என்று ரோபோ இறங்கி வந்தார்.

தெருவுக்கு வந்ததும் கேப்டன் முந்திக்கொண்டு ஓடி, காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க முதலாளி."

ரோபோ ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தார். "நாளைக்கு ஏழு மணிக்கே வண்டியோட வந்துடு."

"நாளைக்கு எனக்கு லீவு வேணும் முதலாளி."

"லீவா? ஏன்?"

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த டிரைவர், தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியே அவரையே பார்த்தார்.

முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உத்தரவு கேப்டன்."