நூறு பேருக்கு உப்பு

“முன்வரிசைன்னா இப்பவே சொல்லிடு. வாசல்ல குறுக்கே படுத்துக்குவேன். என்னைத் தாண்டிக்கிட்டுத்தான் நீ போகணும்.”

அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். சொன்னால் செய்கிற ஆள். எல்லையில் சண்டை மூண்டு இரண்டு மாதமாகிறது. மகனை ஏற்றிப்போக ராணுவ பஸ் வர இன்னும் அரை மணி நேரம்தான்.

“சமையல் பிரிவும்மா. எத்தனை தடவை சொல்றது?”

பச்சைப் பொய். முன்வரிசைக் காலாட்படை என்று அச்சடித்த உத்தரவு அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. போவதென்று அவன் எப்போதோ முடிவு செய்தாயிற்று. அம்மா நிம்மதியாக வழியனுப்ப வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

நாற்காலியில் இருந்த அப்பா செய்தித்தாளை மடித்தார்.

“அட, அவனை ஏன் போட்டுக் குடையறே? பட்டாளம்னா எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடுவாங்கன்னு நினைப்பா? நூறு பேர் போனா பத்துப் பேர்தான் எதிரியையே கண்ணால பார்ப்பான். மத்தவன்லாம் லாரி ஓட்டுவான், பூட்ஸ் தைப்பான், ரேடியோ ரிப்பேர் பண்ணுவான். நானும்தான் மூணு வருஷம் யுத்தத்துல இருந்தேன். என்னத்தைக் கிழிச்சேன்? வெங்காயம் உரிச்சேன்!”

தெருவில் அப்பாவுக்குப் பெயரே ‘கரண்டி கேப்டன்’தான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டார், விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். “எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வாங்கின பதக்கம்” என்று தோள் தழும்பைக் காட்டி அவரே சிரிப்பார். சின்ன வயதில் மகனுக்கு இதில் கொஞ்சம் வெட்கம்கூட உண்டு. இன்றைக்கு அந்தக் கரண்டிதான் அவனுக்குக் கைகொடுத்தது.

“எத்தனை பேருக்குச் சமையல்?” என்றாள் அம்மா. இருபது வருடமாக ஆஸ்பத்திரி கேன்டீன் அடுப்பில் வேகிறவள்.

“நூறு பேர் இருக்கும்மா.”

“நூறு பேர் சூப்புக்கு எவ்வளவு உப்பு?”

மகன் திருதிருவென்று விழித்தான். அப்பா முந்திக்கொண்டார்.

“ரெண்டு ஸ்பூன்! நான் போடாத உப்பா?”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று மகனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மகன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டி நிமிர்ந்தபோது, அம்மா நான்காக மடித்த ஒரு காகிதத்தை அவன் கையில் திணித்தாள்.

“என்னம்மா இது?”

“நூறு பேர் சமையலுக்கு அளவு. சூப்புக்குக் கால் கிலோ உப்பு. மத்ததும் எழுதியிருக்கேன்.”

“அதெல்லாம் அங்கேயே கத்துக்கொடுப்பாங்கம்மா.”

“உங்கப்பாவுக்கு மூணு வருஷத்துலயும் கத்துக்கொடுக்கலையே. லெட்டருக்கு லெட்டர் ரெண்டு ஸ்பூன்னுதான் எழுதினாரு.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “எண்ணெய் கொட்டினா தோளுக்கு முன்னாடி ஒரு ஓட்டை, பின்னாடி ஒரு ஓட்டைன்னாடா தழும்பு விழும்?”

மகன் தெருவைப் பார்த்தான். கரண்டி கேப்டன் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

“தடுத்தா அவரு நின்னாரா, நீ நிக்கிறதுக்கு?” அம்மா அழவில்லை. அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். “போயிட்டு வா. லெட்டர் எழுதும்போது அளவை மட்டும் சரியா எழுதுடா. படிக்கும்போது நான் நம்பணும்.”