பத்தரைக்குக் கீழே

தியாகதுருகத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் சாதுல்லா கம்பிகளை வெறுங்கையால்தான் பிடிப்பார். "பன்னெண்டு வோல்ட்டு இன்னா பண்ணும்? தோலுக்கு ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்திங்க."

அன்று நண்பகலில், சோதனை பல்பின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தார். பல்பு அணையவில்லை.

"வுடுங்க, இன்னா வெளையாட்டு?" என்றாள் மனைவி ஜெபீனா.

ஒரு கம்பியை விட்டார். பல்பு அணைந்தது. வெயிலும் கடையும் ஜெபீனாவும் சேர்ந்து அணைந்தன. தடவித் தடவிக் கம்பியைப் பிடித்ததும் எல்லாம் திரும்பின.

ஜெபீனா அந்தக் கம்பிகளில் மீட்டரை மாட்டினாள். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்கும்போது பதினொன்று.

பத்தரைக்குக் கீழே இறங்கினால் பேட்டரி செத்தது என்று ஊருக்கே சொல்கிறவர் அவர்.

"இப்ப எவ்ளோ?"

"இருக்குது, புடிச்சிக்கினே இருங்க" என்று ஜெபீனா மீட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.