தடுக்கும் கை

வக்கீல் தேவசகாயத்தின் வலது கையை அமைச்சர்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் நன்றாகத் தெரியும். "அன்னைக்கு நடந்தது என்னன்னா..." என்று அவர்கள் ஆரம்பித்ததும், வண்டியை நிறுத்தும் போக்குவரத்துக் காவலரைப் போல அந்தக் கை உயரும். "என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். போலீஸ்கிட்ட என்ன இருக்குன்னு மட்டும் பாப்போம்." உண்மையைக் கேட்டுவிட்டால் நீதிபதி முன்னால் நாக்கு தடுமாறும் என்பது அவர் கொள்கை. மனைவியைக் கொன்றதாகக் கைதான நடிகர் பரஞ்சோதி முதல் சந்திப்பில் வாயைத் திறந்தபோதும் அந்தக் கை உயர்ந்தது. அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவே இல்லை. வருடங்கள் ஓடி, அப்பீலிலும் விடுதலை கிடைத்த அன்று, மாலைகளையும் மைக்குகளையும் தாண்டி இருவரும் காரில் ஏறினார்கள். தேவசகாயத்துக்கே கேட்க வேண்டும் போலிருந்தது.

"இனிமே சொல்லலாம் தம்பி. அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

கண்ணாடிக்கு வெளியே தன் பெயரைச் சொல்லிக் கத்தும் கூட்டத்தையே பரஞ்சோதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செய்யலைன்னுதான் சார். உங்க ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

நம்புகிறேன் என்று சொல்லத்தான் தேவசகாயம் வாயெடுத்தார். அதற்குள் கை உயர்ந்துவிட்டிருந்தது.